குழந்தையோட ஊர் சுத்துற காசை பட்ஜெட்ல இருந்து வெட்டாதீங்க!



மாசக் கடைசியில பட்ஜெட் ஷீட்டைத் திறந்தா நம்ம கை முதல்ல எந்த வரிக்குப் போகும்? வாடகையில கை வைக்க முடியாது. இஎம்ஐ-ல முடியாது. பால், டயப்பர், மளிகை எதையும் தொட முடியாது. கீழே ‘வெளியே போன செலவு’ன்னு ஒரு வரி இருக்கும். கத்தி அங்கதான் விழும். “பாப்பாவுக்கு ரெண்டு வயசுதானே, பெருசானதும் கூட்டிட்டுப் போகலாம், இப்போ அந்தக் காசை எஸ்ஐபி-ல போடலாம்”னு முடிவு பண்ணிடுவோம். நம்ம சேனல் மாதிரி சேனல்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லுது.

இந்த ஒரு விஷயத்துல எனக்கு வேற கருத்து இருக்கு. குழந்தைக்கு 1 வயசுல இருந்து 4 வயசு வரைக்கும், வீட்டுக்கு வர்ற சம்பளத்துல 4 சதவீதத்தை ‘சுத்துற காசு’ன்னு தனியா எடுத்து வைங்க. 50,000 சம்பளம்னா 2,000. 25,000 சம்பளம்னா 1,000. அதை எந்த மாசமும் வெட்டாதீங்க. ஏன்னு கணக்கோடயே சொல்றேன். கணக்கு இல்லாம பேசினா நீங்களே விட மாட்டீங்களே!

முதல்ல, இதனால என்ன இழக்கிறோம்?

இதை மறைச்சுட்டுப் பேசினா அது நேர்மை கிடையாது. மாசம் 2,000 வீதம் மூணு வருஷம், மொத்தம் 72,000 ரூபாய். இதைச் சுத்தாம எஸ்ஐபி-ல போட்டு, வருஷம் 10 சதவீதம் கிடைக்குதுன்னு வைங்க (உறுதியில்லாத வருமானம்தான், கணக்குக்காக எடுத்துக்கறேன்). மூணு வருஷ முடிவுல சுமார் 84,000 ஆகும். அதைத் தொடாம குழந்தைக்கு 18 வயசு ஆகுற வரைக்கும் விட்டா சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு வச்சா, இன்னைக்கு மதிப்புல அது ஒண்ணேகால் லட்சம்.

சரி, இதை ஈடுகட்ட முடியுமா? முடியும். குழந்தைக்கு 4 வயசு ஆனதும், ஏற்கெனவே போடுற எஸ்ஐபி-யோட மாசம் சுமார் 930 ரூபாய் கூடுதலா போட்டா, அதே 10 சதவீதத்துல, 18 வயசுல அதே 3 லட்சத்து 40 ஆயிரம் வந்துடும். நாலு வருஷத்துல உங்க சம்பளம் கொஞ்சமாவது ஏறியிருக்கும். அந்த உயர்வுல 930 ரூபாய் பெரிய பாரமா இருக்காது.

அதாவது விட்டுப்போன பணத்தைப் பின்னால பிடிச்சுடலாம். ரெண்டு வயசைப் பின்னால பிடிக்க எந்த ஃபண்டும் இல்லை. என் வாதம் மொத்தமும் இவ்வளவுதான். மீதி எல்லாம் அதுக்கான விளக்கம்.

156 ஞாயிறு, 6 பயணம்

1 வயசுல இருந்து 4 வயசு வரைக்கும் 156 ஞாயித்துக்கிழமை. கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதுல காய்ச்சல், சளி, நம்ம ஆபீஸ் வேலை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் போக பாதி நின்னா அதிசயம்.

இன்னொரு கணக்கு போடுங்க. நீங்க சென்னையிலயோ பெங்களூருவிலயோ வேலை பார்க்கறீங்க. ஆச்சியும் தாத்தாவும் குலசேகரன்பட்டினம் பக்கம். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போறீங்க. மூணு வருஷத்துக்கு மொத்தம் ஆறு பயணம். பேரன் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கிறதை, மழலை பேசுறதை ஆச்சி நேர்ல பார்க்கிறது ஆறே ஆறு தடவை. மிச்சமெல்லாம் வீடியோ கால்லதான். இதுல “இந்த வருஷம் செலவு அதிகம், தீபாவளிக்கு மட்டும் போதும்”னு ஒரு பயணத்தை வெட்டினா, ஆறுல ஒண்ணு போச்சு. எஸ்ஐபி தவணை ஒண்ணைத் தவறவிட்டா நமக்கு எப்படிப் பதறுது! இதுக்கு ஏன் பதற மாட்டேங்குது?

அரசாங்கமே இலவசமா தர்ற வயசு இது

நிறைய பேர் கவனிக்காத விஷயம். ரயில்ல 5 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காத வரைக்கும் டிக்கெட்டே கிடையாது. அஞ்சு வயசு தாண்டி, தனி பெர்த் வேணும்னா முழு கட்டணம். 2016 ஏப்ரல்ல இருந்து இதுதான் விதி. தமிழ்நாடு அரசு பஸ்ல முன்னாடி 3 வயசு வரைக்கும்தான் இலவசம். 2022-ல அதை 5 வயசுன்னு அறிவிச்சாங்க. விமானம்னா 2 வயசுக்குள்ள மடியில உட்கார வச்சுக்கலாம், கைக்குழந்தைக்குன்னு குறைஞ்ச கட்டணம் மட்டும் வாங்குவாங்க.

ஆக, சென்னையில இருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா மூணு பேர் பயணத்துக்கு ரெண்டு டிக்கெட் போதும். 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 60 நாள் முன்னாடிதான் திறக்குது. அதனால ஊருக்குப் போற தேதியை முடிவு பண்ணினதும் போன்ல அலாரம் வச்சுக்கோங்க. தட்கால்ல போய் மாட்டினா அந்த மாச சுத்துற காசு அங்கேயே காலி.

ஒரு சாயங்காலத்துக்கு எவ்வளவு ஆகுது?

நான் தூத்துக்குடியில வேலை பார்க்கிறேன். மாமியார் வீடு உடன்குடி. பொண்ணுக்கு ரெண்டரை வயசு. மாசத்துல ஒரு ஞாயிறாவது குலசை போயிடுவோம். திருச்செந்தூர்ல இருந்து பன்னிரண்டு, பதிமூணு கிலோமீட்டர்தான். முத்தாரம்மன் கோவில்ல கும்பிட்டுட்டு அப்படியே நடந்தா கடற்கரை. போன மாசக் கணக்கை அப்படியே தர்றேன்: பஸ் ரெண்டு பேருக்குப் போக வர 190, கோவில்ல பூ, அர்ச்சனை 70, சுண்டல், மாங்காய் 60, கருப்பட்டி காபி, வடை 80, ஒரு பலூன் 30. மொத்தம் 430 ரூபாய்.

இதையே மால்ல இருக்கிற விளையாட்டு அரங்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு 500, 600. உள்ளே போக சாக்ஸ் தனியா வாங்கணும். வெளியே வந்தா ஃபுட் கோர்ட். ஆட்டோவையும் சேர்த்தா 1,500-க்குக் குறைஞ்சு வீடு திரும்ப முடியாது. அது தப்புன்னு சொல்லலை. மழைக்காலத்துக்கு நல்லதுதான். ஆனா ரெண்டு வயசுக் குழந்தைக்கு இந்த ரெண்டுக்கும் விலை வித்தியாசம் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

குலசைல என் பொண்ணு எதைப் பார்க்கிறான்னு சொல்றேன். கரையில ஏத்தி வச்ச வள்ளத்துக்கு அடியில படுத்திருக்கிற நாய். ஈர மணல்ல நண்டு வளை. விரலை விட்டுட்டு “உள்ளே யாரு?”ன்னு கேட்பா. காய வச்ச வலை. அலை வந்து காலைத் தொட்டா ஒரு கத்து, திரும்பிப் போனா ‘டாட்டா’. அரை மணி நேரம் ஒரே இடத்துல மண்ணை அள்ளி அதே இடத்துல கொட்டுவா. டிக்கெட் வாங்கி உள்ளே போயிருந்தா, “காசு கொடுத்திருக்கோம், அதுல ஏறு, இதுல சறுக்கு”ன்னு நானே விரட்டியிருப்பேன். இங்க விரட்ட ஒரு காரணமும் இல்லை. (ஒரு எச்சரிக்கை: ஈர மணலோட நிறுத்திக்கோங்க. சின்னக் குழந்தையைக் கடலுக்குள்ள இறக்கவே வேண்டாம், கையையும் விடாதீங்க.)

இப்போ குலசைன்னாலே எல்லாரும் ராக்கெட் பத்திதான் கேட்கிறாங்க. இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுமார் 2,233 ஏக்கர். எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுகளுக்காக. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து துருவப் பாதைக்கு அனுப்பும்போது இலங்கை மேல போகாம வளைஞ்சு போகணும், அதுல எரிபொருள் வீணாகும். குலசைல இருந்து நேரா தெற்கே கடல் மேலயே போயிடலாம். இதெல்லாம் என் பொண்ணுகிட்ட பெருமையா விளக்கினேன். அவ மண் ஏத்திட்டுப் போன லாரியைக் காட்டி “பெரிய்ய்ய வண்டி”ன்னா. அவளுக்கு அன்னைக்கு அதுதான் ராக்கெட்.

“அதுக்கு எதுவும் ஞாபகம் இருக்காதே, எதுக்கு செலவு?”

இந்தக் கேள்வி நியாயமானதுதான். பெரும்பாலானவங்களுக்கு மூணு, மூணரை வயசுக்கு முன்னாடி நடந்தது எதுவும் நினைவுல நிக்காது. இதுக்கு எங்கிட்ட ரெண்டு பதில் இருக்கு.

ஒண்ணு, ஞாபகம் இல்லைன்னா பயன் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அம்மா ஊட்டின முதல் பருப்பு சாதமும் ஞாபகம் இல்லை. உடம்புல ஒட்டாமலா போச்சு? உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரல்ல 5 வயசுக்குக் கீழான குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. 1 முதல் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது உடம்பை அசைச்சு விளையாடணும். 1 வயசுக் குழந்தைக்கு ஸ்க்ரீன் வேண்டாம், 2 வயசுக்கு மேல ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். ரெண்டு ரூம் ஃபிளாட்டுக்குள்ள, நாம லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, மூணு மணி நேர ஓட்டத்துக்கு எங்க போறது? வெளியேதான் போகணும்.

பொருளாதாரத்துல நோபல் வாங்கின ஜேம்ஸ் ஹெக்மன் பேரை நீங்க கேட்டிருக்கலாம். 1960-கள்ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல, ஏழைக் குடும்பத்து 3, 4 வயசுக் குழந்தைகளுக்காக பெர்ரி பிரீஸ்கூல்னு ஒரு திட்டம் நடந்துச்சு. அதுக்குச் செலவான பணம் சமூகத்துக்கு வருஷம் 7-ல இருந்து 10 சதவீதம் வருமானம் தந்ததுன்னு அவரும் கூட இருந்தவங்களும் கணக்கிட்டாங்க. இதை வச்சு “பீச்சுக்குப் போனா 10 சதவீதம் ரிட்டர்ன்”னு நான் சொல்லப் போறதில்லை. அது பள்ளித் திட்டம், நம்ம கதை வேற. ஆனா அந்தத் திட்டத்துல டீச்சர் வாரா வாரம் வீட்டுக்கே வந்து தாயோடயும் குழந்தையோடயும் உட்காருவாங்க. அங்க செலவான பணத்துல ஒரு பங்கு, ஒரு பெரியவரோட நேரத்துக்குப் போனது. நாம பட்ஜெட்ல ஒதுக்க மறக்கிறதும் அந்த நேரத்தைத்தான்.

ரெண்டாவது பதில், ஞாபகம் குழந்தைக்கு இல்லைன்னாலும் நமக்கு இருக்கு, ஆச்சிக்கு இருக்கு. “உனக்கு ரெண்டு வயசுல தசரா பார்க்கும்போது...”ன்னு யாராவது சொல்லித்தான் குழந்தை தன் கதையைத் தெரிஞ்சுக்குது. நாம போகலைன்னா சொல்றதுக்குக் கதையே இல்லை.

தசரா பத்தி ஒரு யோசனையும் சொல்லிடறேன். நவராத்திரி கடைசியில சூரசம்ஹாரம் நடக்கிற ராத்திரிக்குச் சின்னக் குழந்தையோட குலசை போகாதீங்க. லட்சக்கணக்குல ஜனம், சத்தம், தள்ளுமுள்ளு. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தசரா வாசலுக்கே வரும். விரதம் இருந்து வேஷம் கட்டினவங்க மேளத்தோட தெருத் தெருவா வந்து காணிக்கை வாங்குவாங்க. காளி, ராஜா, குரங்கு, போலீஸ்னு எல்லா வேஷமும் வரும். காளி வேஷத்தைப் பார்த்து என் பொண்ணு முதல் நாள் அம்மா சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சா. மூணாம் நாள் நாக்கை நீட்டிக்கிட்டு அவளே வாசல்ல நின்னா. செலவு, தட்டுல போட்ட இருபது ரூபாய்.

நிஜமா வெட்ட வேண்டியது எது?

குழந்தை பேர்ல நாம பண்ற பெரிய செலவுகள் வேற இடத்துல இருக்கு.

முதல் பிறந்தநாள்: மண்டபம், பலூன் அலங்காரம், போட்டோகிராபர், 200 பேருக்குப் பிரியாணி. கையில காசு இல்லைன்னு ஒண்ணரை லட்சம் பர்சனல் லோன். 14 சதவீத வட்டி, மூணு வருஷம்னா மாசம் சுமார் 5,130 இஎம்ஐ. கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 1,84,500. வட்டி மட்டும் 34,500. பாதி நேரம் தூங்கிப்போற குழந்தைக்கு ஒரே ஒரு சாயங்காலம். இந்த வட்டிக் காசுல மட்டும் 430 ரூபாய் ஞாயிறு எண்பது வரும். வகுத்துப் பாருங்க.

ரெண்டாவது, பிளாட்: “ராக்கெட் தளம் பக்கத்துல மனை, உங்க குழந்தையின் எதிர்காலம்”னு போன் வரும், நோட்டீஸ் வரும். 10 லட்சம் கடன், 9.5 சதவீதம், 15 வருஷம்னா மாசம் 10,440 கட்டணும். மொத்தம் கிட்டத்தட்ட 18 லட்சத்து 80 ஆயிரம். நிலம் வாங்குறது தப்புன்னு நான் சொல்லலை. வில்லங்கச் சான்று, பட்டா, டிடிசிபி அங்கீகாரம், ரெரா பதிவு எண் நாலையும் பார்த்து, கையில தாராளமா இருந்தா வாங்குங்க. அந்த இஎம்ஐ-க்காகச் சனி, ஞாயிறு ஓவர்டைம் பார்க்கணும்னா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. குழந்தையோட எதிர்காலத்துக்காகக் குழந்தையோட நிகழ்காலத்தை அடகு வைக்கிறோம். ஏவுதளம் வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கும், நிலம் அங்கேயேதான் இருக்கும். ரெண்டு வயசு அங்கேயே இருக்காது.

“எனக்கு அதுக்கும் வழி இல்லையே”ன்னா?

இதையும் பேசணும். ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லை, கிரெடிட் கார்டு கடன் ஓடுதுன்னா, முதல்ல அதை அடைங்க. குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ், சம்பாதிக்கிறவர் பேர்ல டெர்ம் இன்சூரன்ஸ் ரெண்டும் கட்டாயம். பொண்ணு இருந்தா செல்வமகள் சேமிப்புத் திட்டத்துல வருஷம் 250 ரூபாய்ல கூடத் தொடங்கலாம். 2024 ஜனவரியில வட்டி 8.2 சதவீதமா உயர்ந்துச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசு அதை மறுபரிசீலனை பண்ணும், போடுறதுக்கு முன்னாடி இப்போதைய வட்டியைப் பார்த்துக்கோங்க.

இவ்வளவு நெருக்கடியிலயும் சுத்துற காசை பூஜ்யம் ஆக்காதீங்க. 4 சதவீதம் முடியலைன்னா 1 சதவீதம். 300 ரூபாய்ல நாலு தடவை பக்கத்துப் பார்க்குக்குப் போய் சோளம் வாங்கிக் கொடுக்கலாம். ரயில்வே ஸ்டேஷன்ல பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட் எடுத்து ரெண்டு வண்டி பார்த்துட்டு வரலாம். குழந்தைக்கு அது திருவிழா மாதிரி. பூஜ்யம் ஆக்கினா என்ன ஆகும்னா, காசோட சேர்ந்து அந்த நேரமும் போயிடும். ஞாயித்துக்கிழமை நாம சோபாவுல போனோட, குழந்தை தரையில இன்னொரு போனோட.

எப்படிச் செயல்படுத்துறது?

ஒண்ணு, சம்பளம் வந்த அன்னைக்கே இந்தத் தொகை வேற சேமிப்புக் கணக்குக்குத் தானா போற மாதிரி செட் பண்ணுங்க. எஸ்ஐபி-க்கு எப்படியோ அப்படியே.

ரெண்டு, 2,000-ல மூணு சின்ன ஞாயிறுக்கு 1,350. மீதி 650-ஐ ஊர்ப் பயணத்துக்குச் சேருங்க. வருஷத்துக்கு 7,800. ஸ்லீப்பர்ல வருஷம் ரெண்டு தடவை ஊருக்குப் போய் வர இது போதும்.

மூணு, லீவையும் பட்ஜெட் போடுங்க. உங்க ஆபீஸ்ல எத்தனை லீவு காலாவதி ஆகும், எத்தனையைப் பணமா மாத்தலாம்னு எச்ஆர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. காலாவதி ஆகுற லீவு ஒவ்வொண்ணும் கைவிட்டுப் போன ஒரு நாள். பணமா மாத்துற லீவுக்கும் ஒரு நாள் சம்பளத்தை வச்சு விலை தெரிஞ்சுடும். அந்த விலைக்கு அந்த நாளை விக்கலாமான்னு வீட்டுல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.

நாலு, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு போட்டோ, அதோட குழந்தை சொன்ன ஒரு வார்த்தை, அன்னைக்கு ஆன செலவு. இதை ஒரே நோட்டுல எழுதி வைங்க. செலவுக் கணக்கும் ஆச்சு, நாளைக்குக் குழந்தைகிட்ட சொல்லக் கதையும் ஆச்சு.

அஞ்சு, குழந்தைக்கு 4 வயசு முடிஞ்ச மாசம் எஸ்ஐபி-யை 930 ரூபாய் ஏத்துங்க. இதைக் காலண்டர்ல இப்பவே குறிச்சுடுங்க. இதைச் செய்யலைன்னா மேல சொன்ன கணக்கு முழுசும் உடைஞ்சுடும்.

உங்க வீட்டுல இருக்கிற 156-ல எத்தனை ஞாயிறு போச்சு, எத்தனை மிச்சம்னு இன்னைக்கு ராத்திரி எண்ணிப் பாருங்க. மிச்சம் இருக்கிறதுல முதல் ஒண்ணு, வர்ற ஞாயிறு.